தண்டனை என்று பெயரில்லாத சிறை

சென்னையும் சட்டமும் – வரலாற்றுத் தொடர் 12

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குப் பெயர் கொடுத்தவர் எட்வர்ட் எலியட். கம்பெனி ஆட்சியில் சென்னைப் பட்டணத்தின் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். போலீசுக்கும் அவரே தலைவர். மயிலாப்பூரில் இன்று ராதாகிருஷ்ணன் சாலையாக இருப்பதும் முன்பு எட்வர்ட் எலியட்ஸ் ரோடுதான். கடற்கரைக்காகவோ சாலைக்காகவோ அவரை இந்தத் தொடருக்குள் கொண்டுவரவில்லை. 1855 ஏப்ரலில் அவர் கையெழுத்திட்ட ஓர் அறிக்கைக்காகக் கொண்டுவருகிறேன்.

சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று 1854இல் லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. விசாரிக்க இங்கே மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது: எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன். போலீஸ் தலைவராக இருந்த ஒருவரையே போலீஸ் கொடுமையை விசாரிக்க உட்காரவைத்தது எப்படிச் சரியாகும் என்று இன்று நமக்குத் தோன்றும். ஆனாலும் அந்தக் குழு உண்மையை மூடி மறைக்கவில்லை. சில மாதங்களுக்குள் இரண்டாயிரத்தை நெருங்கிய புகார்கள் வந்து குவிந்தன. நேரில் வந்தவர்களும் உண்டு, எழுதி அனுப்பியவர்களும் உண்டு. தாசில்தார் கச்சேரியிலும் தாணாவிலும் நடந்ததையெல்லாம் அறிக்கை பெயர் சொல்லி எழுதியது. அதில் அடிக்கடி வரும் கருவி கிட்டி. இரண்டு மரச்சட்டங்களை ஒரு முனையில் பிணைத்து, நடுவில் விரல்களையோ காதையோ தொடைச் சதையையோ வைத்து, வலி பொறுக்க முடியாமல் ஆள் அலறும் வரை இறுக்குவார்கள். கழுத்தில் போட்ட கயிற்றைக் கால் விரல்களோடு சேர்த்துக் கட்டி, ஆளைக் குனிந்த நிலையிலேயே வெயிலில் விட்டுவிடுவது இன்னொரு வழி. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று குழு முடிவு கட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வசூலான பணம் யார் கஜானாவுக்குப் போனதோ அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்துவைத்து எழுதினார்.

அறிக்கைக்குப் பின் போலீஸ் வேலையும் வரி வசூல் வேலையும் பிரிக்கப்பட்டன. 1859இல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறி, 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக நிலைத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அது இருக்கிறது. தண்டிக்கும் அதிகாரத்துக்கு இந்த மண்ணில் போட்ட முதல் வலுவான வேலிகளில் இதுவும் ஒன்று. அந்த வேலிக்குப் பின்னால் இருப்பது பெயர் தெரியாத ரயத்துகளின் நசுங்கிய விரல்கள்.

ஆனால் இப்படிச் சாதாரணச் சட்டத்தால் போட்ட வேலியை நாடாளுமன்றம் நினைத்தால் மறுநாளே பிடுங்கிவிடலாம். அரசமைப்பிலேயே வேலி வந்தது 1950 ஜனவரி 26 அன்றுதான். அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு மூன்று காரியங்களை அரசுக்குத் தடுத்தது. செய்த நாளில் குற்றமாக இல்லாத செயலுக்குப் பிறகு சட்டம் போட்டுத் தண்டிக்கக் கூடாது. அன்று இருந்த தண்டனையைப் பின்னால் கூட்டவும் கூடாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. கிட்டியின் காலம் அந்த மூன்றாவது தடையோடு அரசமைப்புப்படியும் முடிந்தது. இம்மூன்றும் சுருக்கமானவை, தெளிவானவை. அடுத்த பிரிவான 21இல்தான் சிக்கல் தொடங்குகிறது. அதற்கு நாம் மயிலாப்பூருக்குப் போக வேண்டும்.

லஸ் சர்ச் சாலையில் ஏகாம்ர நிவாஸ். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. நெல்லூர் மாவட்டத்துப் புதூர் கிராமத்தில் 1883இல் பிறந்தவர். தந்தை ஏகாம்ர சாஸ்திரி கோயில் அர்ச்சகர். 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவில் ஏழு உறுப்பினர்களில் ஒருவர். தன்னைவிடப் பெரியவர், தகுதி கூடியவர் என்று அம்பேத்கரே அரசியல் நிர்ணய சபையில் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.  

உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் ஒருவரிடமிருந்து பறிக்க வேண்டுமானால் அரசு எதைக் கடந்து போக வேண்டும்? இதுதான் கேள்வி. முதலில் எழுதிய வாசகம் அமெரிக்க வழியில் ‘உரிய சட்ட நெறி’ என்றிருந்தது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதுதானா என்று பார்க்கும் உரிமை நீதிபதிக்கு உண்டு என்பது அதன் பொருள். 1947 கடைசியில் சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை போட்ட சட்டத்தை ஒரு சில நீதிபதிகள் தூக்கியெறிவது ஜனநாயகம் அல்ல என்று பிராங்க்பர்ட்டர் எச்சரித்தார். வரைவுக் குழு அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, ஜப்பானின் 1946 அரசமைப்பிலிருந்து ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்பதை வைத்தது.

1948 டிசம்பரில் சபையில் இந்த மாற்றத்துக்காக அல்லாடி வாதாடினார். அவருடைய அச்சம் வெறும் கற்பனை அல்ல. ரொட்டித் தொழிலாளரை வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘உரிய நெறி’யின் பெயரால்தான் ரத்துசெய்தது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1948இல்தான். ஜமீன்தார்களின் வழக்கறிஞர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய ஆயுதமாகும் என்பது அல்லாடி போன்றவருக்குத் தெரியாமல் இருக்குமா? காஜி சையத் கரிமுதீன் கொண்டுவந்த திருத்தம் பழைய வாசகத்தை மீட்கப் பார்த்தது. இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது, சபையே முடிவு செய்யட்டும் என்று அம்பேத்கர் விட்டுவிட்டார். டிசம்பர் 13 அன்று திருத்தம் தோற்றது.

நிலத்தைக் காப்பாற்ற நினைத்தவர்களைத் தடுக்கப் போட்ட கதவு, சிறையில் கிடப்பவனுக்கும் சேர்த்து அடைபட்டது. அல்லாடியின் அறிவையும் நேர்மையையும் மதிக்கிறவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்: சொத்துக்கு ஒரு அளவுகோலும் உடலுக்கு இன்னொரு அளவுகோலும் வைத்திருக்கலாம். அப்படிப் பிரித்து எழுதும் திறமை அந்தக் குழுவுக்கு நிறையவே இருந்தது.

குறை சபைக்கும் உறுத்தியது. 1949 செப்டம்பர் 15 அன்று அம்பேத்கர் புதிதாக ஒரு பிரிவைக் கொண்டுவந்தார்; இன்றைய 22ஆம் பிரிவு. முந்தைய வாசகத்தில் சபையில் பெரும்பாலோருக்கும் தனக்கும் மனநிறைவில்லை, அதற்கு ஈடுகட்டத்தான் இது என்று வெளிப்படையாகச் சொன்னார். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவிட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நல்ல விதிகள். ஆனால் அதே பிரிவு, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு இந்த உரிமைகள் இல்லை என்றும் சொன்னது. குற்றம் செய்தார் என்பதற்காக அல்ல, இனிமேல் செய்யக்கூடும் என்பதற்காக அடைப்பது தடுப்புக் காவல். கம்பெனி காலத்துச் சென்னையில் 1819ஆம் ஆண்டு 2ஆவது ரெகுலேஷன் தந்த அதிகாரம், சுதந்திர நாட்டின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. வரைவுக் குழுவினர் சிறையில் இருந்து பார்த்த பிறகு இதை எழுதவந்திருக்கலாம் என்று மகாவீர் தியாகி ஆதங்கப்பட்டார். குழுவில் சிறை சென்றவராக கே.எம். முன்ஷி இருந்தார், ஆனால் 1944 வரை அரசின் வழக்கறிஞராக இருந்த அல்லாடிக்குச் சிறைக் கதவு உள்பக்கத்திலிருந்து தெரியாது.

குடியரசு பிறந்து 16 நாள்தான் ஆகியிருந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் போலீஸ் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபார் பக்கத்து விவசாயிகள். மாகாணத்தில் கட்சி தடை செய்யப்பட்டிருந்த நேரம். குமாரசாமி ராஜா தலைமையில் காங்கிரஸ் ஆட்சி. அதே மாதக் கடைசியில், இரண்டு இரவு தூக்கமில்லாமல் யோசித்ததாகச் சொல்லி வல்லபாய் படேல் நாடாளுமன்றத்தில் தடுப்புக் காவல் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஓராண்டுக்கு என்று வந்த சட்டம், புதுப்பித்துப் புதுப்பித்து 1969 வரை நீண்டது.

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே சென்னை அரசின் சிறைகளில் இருந்தார். சாதாரணக் குற்றவியல் சட்டப்படி அவருக்குக் கொடுத்த தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டன. ஆனாலும் கதவு திறக்கவில்லை. 1950 மார்ச் 1 அன்று, உள்ளே இருந்தவர் கையிலேயே புதிய சட்டத்தின்கீழ் இன்னொரு ஆணையைக் கொடுத்தார்கள். நீதிமன்றம் தண்டிக்க மறுத்த ஆளை அரசு வேறு பெயரில் வைத்துக்கொண்டது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான்: தண்டிக்கும் அதிகாரத்துக்கு அரசமைப்பு நல்ல வேலிகள் போட்டது, ஆனால் ‘இது தண்டனை அல்ல’ என்று சொன்னால் வேலியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதையையும் அதே கையால் வைத்தது.

கோபாலனுக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். சென்னை அரசுக்கு அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயர், மத்திய அரசுக்கு எம்.சி. செதல்வாட். நாடாளுமன்ற வளாகத்துக்குள் இயங்கிய புதிய உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகளும் உட்கார்ந்து கேட்ட வழக்கு. சட்டம் என்று அரசமைப்பு சொல்வது நாடாளுமன்றம் அச்சடித்த எதையும் அல்ல. அறிவிப்பு, தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாளர் ஆகியவை இல்லாத ஒன்று ‘நடைமுறை’யே ஆகாது என்பது நம்பியாரின் வாதம். 1950 மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்தார்கள். ‘உரிய’ என்ற சொல்லைச் சபை வேண்டுமென்றே விட்டுவிட்டதே என்று தலைமை நீதிபதி கனியா சுட்டிக்காட்டினார். லஸ் சர்ச் சாலைக்காரர் 1948இல் நிலச் சீர்திருத்தத்தை மனத்தில் வைத்துப் பேசியதை, 1950இல் ஒரு கைதியின் மனுவுக்கு எதிராக எடுத்துவைத்தார்கள். ஃபசல் அலி மட்டும் நம்பியாரின் வாதத்தைத் தழுவி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். சென்னையிலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மையோடு நின்றார். ஆனால் ஜனநாயக அரசமைப்பில் இந்தத் தடுப்புக் காவல் ஒட்டாமல் விகாரமாகத் தெரிகிறது என்று எழுதாமல் இருக்க அவராலும் முடியவில்லை.

ஒன்றே ஒன்று கிடைத்தது. தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, தன்னை எதற்காக அடைத்தார்கள் என்று அரசு எழுதிக் கொடுத்த காரணத்தைக் கைதி நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது. சொன்னால் ஓராண்டு வரை சிறை. நீதிபதியிடம் முறையிடலாம், ஆனால் எதைப் பற்றி என்று வாய் திறக்கக் கூடாது! அந்தப் பிரிவை மட்டும் நீதிமன்றம் செல்லாது என்றது. கோபாலன் உள்ளேயே இருந்தார்.

ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று, அதே நீதிமன்றத்தில் சென்னை அரசு தோற்றது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று போட்ட தடை செல்லாது என்று தீர்ப்பு. எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. தாப்பருக்காக வாதாடியவர் சி.ஆர். பட்டாபிராமன். ஆழ்வார்ப்பேட்டை ‘குரோவ்’ வீட்டு சர் சி.பி. ராமசாமி ஐயரின் மகன். திருவிதாங்கூர் திவானாக சி.பி. இருந்த 1946இல்தான் புன்னப்ர வயலாரில் கம்யூனிஸ்ட்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை நான்காண்டு கழித்து ஒரு இடதுசாரிப் பத்திரிகைக்காக நின்றதை மயிலாப்பூர் வக்கீல் மரபின் சிறந்த பக்கம் என்றே சொல்வேன்.

அடுத்தது வி.ஜி. ராவ். சென்னைப் பாரிஸ்டர், மக்கள் கல்விச் சங்கத்தின் செயலாளர். படிப்பகம், நூலகம், அரசியல் அறிவைப் பரப்புவது என்று 1947இல் பதிவான சங்கம். 1950 மார்ச் 10 அன்று அரசு அதைச் சட்டவிரோதச் சங்கம் என்று கெஜட்டில் போட்டது. அன்றிலிருந்து உறுப்பினராக இருந்தாலே ஆறு மாதம் வரை சிறை, நிர்வாகியாக இருந்தால் மூன்று ஆண்டு. சங்கத்துக்கு நேரில் அறிவிப்பு கொடுக்க வேண்டியதில்லை. கெஜட்டைப் படிக்காதவர் தான் குற்றவாளி ஆகிவிட்டதையே அறியமாட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ராஜமன்னார் உள்ளிட்ட மூவர் 1950 செப்டம்பரில் இதை ரத்து செய்தார்கள். அரசு மேல்முறையீடு போனது. 1952 மார்ச் 31 அன்று, அப்போது இந்தியத் தலைமை நீதிபதியாகிவிட்ட பதஞ்சலி சாஸ்திரி சென்னைத் தீர்ப்பையே உறுதிசெய்தார். நிர்வாகம் தன் மனத்துக்குப் பட்டதை வைத்து முடிவெடுத்துவிட்டு, பிறகு ஒரு ஆலோசனைக் குழுவிடம் காட்டிக்கொள்வது, நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிப்பதற்கு ஈடாகாது என்பது அதன் சாரம். உரிமைகளுக்கு நீதிமன்றத்தைக் கண்விழித்த காவலாளாக அவர் சொன்ன இடம் இதுதான். இன்றும் நாடெங்கும் வழக்கறிஞர்கள் எடுத்தாளும் வரி அது.

கோபாலன் 1952 தேர்தலில் மக்களவைக்குப் போனார். அன்று தடையில் இருந்த இயக்கத்துக்கு இன்று தியாகராய நகரில் இரண்டு அலுவலகங்கள்: செவாலியே சிவாஜி கணேசன் சாலையில் பாலன் இல்லம், வைத்தியராமன் தெருவில் பி. ராமமூர்த்தி நினைவகம். ஆனால் கோபாலன் தீர்ப்பு நின்றது. அதன் முழு விலையும் நெருக்கடி நிலையில் தெரிந்தது. 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவுக்கே கதவைச் சாத்தியது. சென்னை மத்திய சிறையில், மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைபட்ட கைதிகள் அடிபட்டார்கள். அடிபட்ட திமுக எம்.பி. சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அங்கே நடந்ததைப் பின்னர் விசாரித்துப் பதிவுசெய்தவர் கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில். 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கில்தான், நடைமுறை என்றால் அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஃபசல் அலி தனியாளாக எழுதியது 28 ஆண்டுக்குப் பிறகு நாட்டின் சட்டமானது.

21ஆம் பிரிவு திருந்தியது. 22ஆம் பிரிவு திருந்தவில்லை. ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைத்து, குழுவின் அமைப்பையும் சீராக்கி 1978இல் 44ஆவது திருத்தம் நிறைவேறியது. அந்த ஒரு பகுதியை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை இன்றுவரை எந்த மத்திய அரசும் வெளியிடவில்லை. எல்லாக் கட்சியும் ஆண்டு பார்த்துவிட்டன. மக்கள் பிரதிநிதிகள் நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம் ஒரு கையெழுத்துக்காக இத்தனை காலம் கிடப்பது வெட்கக்கேடு.

தமிழ்நாட்டில் தடுப்புக் காவலுக்கென்றே 1982இன் 14ஆவது சட்டம் வந்தது. ஊர் வழக்கில் ‘குண்டாஸ்’. கள்ளச்சாராயம், போதைப்பொருள், குடிசை நில அபகரிப்பு என்று தொடங்கி, 2004இல் திருட்டு வீடியோ வரை பட்டியல் நீண்டது. சென்னையில் போலீஸ் கமிஷனர் கையெழுத்திட்டால் ஓராண்டு வரை உள்ளே. ஆலோசனைக் குழு முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. நாட்டில் தடுப்புக் காவல் கைதிகள் அதிகமுள்ள மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்னால் நிற்கிறது. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவலை எடுக்கக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கண்டித்ததும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான்: ரேகா எதிர் தமிழ்நாடு அரசு.

உயர் நீதிமன்றத்தில் இந்த ஆணைகளில் கணிசமானவை ரத்தாகின்றன. எதனால் என்று பார்த்தால் மனம் கசக்கும். கைதிக்குக் கொடுத்த ஆவணக் கட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாதபடி மங்கியிருக்கும்; ஆங்கில உத்தரவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வைத்திருக்கமாட்டார்கள்; அவர் அனுப்பிய மனுவைக் கோட்டையில் நாள்கணக்கில் தூங்கவிட்டிருப்பார்கள். ஆள் குற்றம் செய்தாரா என்ற கேள்விக்குள் யாருமே போவதில்லை. ஆணை ரத்தாகி அவர் புழலிலிருந்து வெளியே வரும்போது பல மாதங்கள் போயிருக்கும். அதற்கு இழப்பீடும் இல்லை, அந்த மாதங்களை நீதிமன்றம் விதித்த சிறையாக யாரும் எண்ணுவதும் இல்லை.

அடுத்த இதழில்: 1975இல் தூக்குத் தண்டனை பெற்று எட்டு ஆண்டு காத்திருந்த ஒரு தமிழ்நாட்டுக் கைதி, அந்தக் காத்திருப்பும் தண்டனைதானே என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்ட 1983ஆம் ஆண்டு வழக்கு.